வரிசையின் வால்

தோ தான் ஊரில், பேருந்து எங்களை இறக்கிவிட்ட இடத்தில்
கிஸ்லேன் சினிமாலே தலைகளை எண்ணினாள்.
பதினொன்று.
எனக்குக் கிடைத்த வேலை, வால்.
எனக்குப் பின்னால் யாரும் விடுபட்டுவிடக் கூடாது,
அவ்வளவுதான்.

வாலில் நடப்பவளுக்கு முகங்கள் கிடையாது.
குதிகால்கள், முதுகுப்பைகள்,
ஒரு பையின் ஓரத்தில் கிணுகிணுக்கும் எவர்சில்வர் குவளை,
நேர் முன்னே, வேர்வை வரைபடம் விரித்த
மர்தெமுத்துவின் சட்டை.
மருதமுத்துதான்.
கப்பலேறி வந்த பெயரில் ஓர் எழுத்து
எந்த எழுத்தரின் பேனாவிலோ சறுக்கிவிட்டது.
அவர் அதைத் தேடியதில்லை.
நான்தான் கூப்பிடும்போதெல்லாம் சேர்த்துச் சொல்கிறேன்,
அவரும் திரும்பாமலே "வீ" என்கிறார்.

எட்டரைக்குக் கீழே துறைமுகம் தெரிந்தது.
திங்கள் முதல் வெள்ளிவரை நான் எண்ணெய் போடும்
பளுதூக்கிகள்,
குண்டூசிகளாய்.
ஒன்பதுக்கு மேகம் ஏறி வந்து அதை எடுத்துக்கொண்டது.
அப்புறம் முகடு மட்டும்,
ஓர் ஆள் அகலம்.
இடப்புறம் காடு.
வலப்புறம் காட்டின் உச்சிகள் மட்டும்,
பிறகு அதுவும் இல்லாத வெள்ளை.
டெக் டெக் என்று ஒரு சின்னக் குருவி
கிளைக்குக் கிளை தாவிக்கொண்டே கூட வந்தது,
கிஸ்லேனின் கணக்கில் அதற்கு நம்பிக்கை இல்லாததுபோல.

டாமரின், என்று ஒரு மரத்தைக் காட்டினார்கள்.
அண்ணாந்து பார்த்தேன்.
புளியம்பழம் இல்லை. புளிய இலையும் இல்லை.
பாசி தாடி வளர்த்த வேறு யாரோ.
காரைக்கால்காரியின் நாக்கு வீணாய் ஊறியதைக் கண்டு
ழோசியான் வெகுநேரம் சிரித்தாள்.

இரண்டாம் ஏணிக்குச் சற்று முன்னால்
சேற்றில் கிடந்தது
ஒரு பூட்ஸின் அடி.
அடி மட்டும்.
பள்ளம் பள்ளமாய் ரப்பர், ஓரத்தில் காய்ந்த பசை,
நடுவில் தேங்கிய ஒரு மடக்கு மழைநீர்.
எடுத்து உதறினேன்.
"யாருடைய அடி கழன்று விழுந்தது?"

கேள்வி வரிசையில் முன்னே போனது,
கிரியோலில், வாய் மாறி வாய்,
மூடுபனிக்குள் பத்துப் பேரைக் கடந்து.
திரும்பி வந்தது:
"யார் விழுந்தது?"

விசில்.
நின்றோம்.
கிஸ்லேன் குரல்களை எண்ணினாள்.
அன், தே, த்ருவா என்று மேகத்துக்குள்ளிருந்து
ஒவ்வொன்றாய் வந்து,
கடைசியில் அவசரத்தில் நான்
தமிழில் கத்தினேன், பதினொன்று.

யாரும் விழவில்லை என்று தெளிந்ததும்
கம்பிவடத்தைப் பிடித்தபடி
எல்லாரும் ஒரு காலைத் தூக்கிப் பார்த்தார்கள்.
பிறகு மற்றக் காலை.
பாதாளத்தின் விளிம்பில் ஒரு கொக்குக் கூட்டம்.
இருபத்திரண்டு அடிகளும் இருந்தன.

ஆக, வேறொருவர்.
ஒரு காலில் ரப்பரும்
மறுகாலில் வெறும் துணியுமாய்
இந்த ஏணியில் ஏறினாரா, இறங்கினாரா,
எந்த இடத்தில் தெரிந்துகொண்டார்?

"இந்தப் பள்ளத்துக்குச் சங்கிலி அறுத்து ஓடி வந்தவர்களுக்கு
ஒரு காலிலும் கிடையாது,"
என்றார் மர்தெமுத்து.
பிறகு ஒரு வாழைப்பழத்தை உரித்தார்.

பாறை மேல் வைத்துவிட்டு நடக்கப் பார்த்தேன்.
முன்னாலிருந்து சொல் வந்தது:
"மலையில் ரப்பரை விட்டு வராதே."
பத்து வாய் கடந்தும்
இந்த முறை ஓர் எழுத்தும் உதிரவில்லை.

பாறையருகே சாப்பாடு.
சோறு, தொத்திறைச்சிக் குழம்பு,
பொன்பொன் பிமான் என்ற பெயரில்
நம்முடைய மிளகாய் வடை.
மேகம் ஒரு நிமிடம் கிழிந்து
சாலையே போகாத மாஃபாத்தின் ஆழத்தில்
ஒரு தகரக்கூரை பளிச்சென்றது.
ஒன்பது கைபேசிகள் நீண்டன.
அதற்குள் தையல் போட்டாயிற்று.

மாலை, லெ போர் பேருந்து நிலையம்.
கடைசி எண்ணிக்கை, பதினொன்று.
கன்னத்தில் முத்தங்கள், இங்கே வழக்கம், இரண்டு இரண்டு.
மடியிலிருந்து காய்ந்த மண்ணைத் தட்டிக்கொண்டு
குப்பைத்தொட்டி வரை போனேன்.

போடுமுன்,
யாரும் பார்க்கவில்லையே என்று பார்த்து,
குனிந்து
என் பாதத்தோடு வைத்து அளந்தேன்.
அரை விரல் குறைவு.