மூன்றரை கிலோ

மஸ்கெலியாவில் மழை.
கொழுந்து லொறியின் பின் அச்சு மரக்கட்டைமேல்.
பினியனுக்கு இரண்டு புதுப் பெயாரிங்,
நடுவில்
நசுங்குவதற்கென்றே செய்த குழல் ஒன்று.

தராசு மீன்கார ரிஸ்வியுடையது. கொக்கியில் நெத்தலி வாசம்.
பிளாஞ்சில் நூல் சுற்றி இழுத்தால்
முள் முதலில் துள்ளும்.
அதை எழுதாதீங்க என்றேன் டிரைவர் தவசீலனிடம்.
கிளம்பும்போது எல்லாமே கனம்தான்.
ஓடத் தொடங்கியபின்
முள் எங்கே நிற்கிறதோ
அதுதான் கணக்கு.

ஒன்றே கால்.
நட்டில் நீளக் குழாய் மாட்டி இருவருமாகத் தொங்கினோம்.
அப்போதும் ஒன்றே கால்.
இன்னொரு தொங்கல்: இரண்டு.
மடுவத்தில் கொழுந்து வாடுது என்றார்.
இன்னும் ஒரு மயிரிழை
என்றேன்.

ஐந்தே முக்கால்.

யார் கை அது என்று
இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

நட்டைத் தளர்த்தலாம்.
முள் இறங்கும், பார்க்க நல்லாவும் இருக்கும்.
நசுங்கிய குழல் நிமிராது.
பிடிப்பற்ற பினியன்
நோட்டன்பிரிஜ் இறக்கத்தில் ஊளையிடும்,
முழுப் பாரத்தோடு,
இவர் மட்டும் கேட்க.

ஹட்டனுக்கு ஐந்தரை பஸ்.
கடை பூட்டும் நேரம். கடைசிக் குழல், என் காசு.

இரவு ஒன்பதுக்கு டோர்ச் பிடித்தார் தவசீலன்.
இந்தத் தடவை குழாயில் நான் மட்டும்,
தொங்கவில்லை, சாய்ந்தேன்.
சாய்ந்து, நூல் சுற்றி, இழுத்து,
மறுபடி சாய்ந்து.

விடியலில் தராசு கேட்டு வந்தான் ரிஸ்வி.
எத்தனை கிலோ போனது என்றான் சிரித்து.

மூன்றரை, என்றேன்.
நூலை அவிழ்க்க மறந்திருந்தேன்.