மூன்றாம் சிலிண்டர்

பிரேடல் ரோடு சிவப்பு விளக்கில்
நிற்கும்போதுதான் ஆரம்பிக்கும்.
ஏர்கானைத் தட்டினால் இன்னும் கொஞ்சம்.
நான்கு பேர் தூக்கிப்போகும் பீரோவை
ஒருவன் மட்டும் கைநழுவ விட்டதுபோல்
ஒரு சரிவு, ஒரு சுதாரிப்பு,
மறுபடி ஒரு சரிவு.
கண்ணாடியில் தொங்கும் வாசனை அட்டை
ஆமாம் ஆமாம் என்று தலையாட்டும்.

பச்சை விழுந்ததும்
ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும்.

பதினான்கு வயது.
ஐந்து வருட சிஓஇ-யில் பதினோரு மாதம் பாக்கி.
அதற்குமேல் புதுப்பிக்க வழியில்லை, ஸ்கிராப்தான்.
வனஜா போனில் கணக்குப் போட்டுக் காட்டினாள்:
இந்தக் காசுக்கு
தினம் கிராப்பில் போகலாம், பின் சீட்டில்,
கால்மேல் கால் போட்டு.

நான் லிஃப்ட் பழுது பார்க்கிறவன்.
கதவே மூடாத லிஃப்ட் நல்லது.
சில நேரம் மட்டும் மூடாதது இருக்கிறதே,
ஆள் வந்து பார்க்கையில்
பள்ளிக்கூடப் பிள்ளைபோல் ஒழுங்காய் நிற்கும்.

காக்கி புக்கிட்டில் கியாட் செங் ரீடரைச் செருகினான்.
பி, பூஜ்யம், மூன்று, பூஜ்யம், மூன்று.
மூன்றாவதில் எரியவில்லை.
அதன் காயிலைக் கழற்றி ஒன்றில் போட்டோம்,
ஒன்றினுடையதை மூன்றில்.
குற்றம் காயிலுடையது என்றால்
காயிலோடு போயிருக்க வேண்டும்.
போகவில்லை.
பிளக் நான்கும் புதிது. இஞ்செக்டரை இடம் மாற்றினோம்.
அழுத்தம் அளந்தால்
நான்கிலும் நல்லது மூன்றாவதுதான்.
இருநூற்றெண்பது வெள்ளி.
கையைத் துடைத்தபடி சொன்னான்:
ஓல்டு கார் லா.

அது பதிலில்லை.
வயது ஒரு பழுதல்ல.
வனஜாவிடமும் இதைச் சொன்னேன்.
யாரைப் பற்றிப் பேசுகிறாய் என்றாள்.

இதயம் என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.
காற்று, பெட்ரோல், பொறி, அழுத்தம்.
நான்கில் ஒன்று வராமல் போகிறது.
எது, எப்போது.
அவ்வளவுதான் கேள்வி.

இரவு பதினொன்றரை. கார்பார்க் ஐந்தாம் தளம்.
நின்ற வண்டியில் எஞ்சினை ஓடவிட்டால் அபராதம்,
ஒரு கண் ரேம்ப்பின் மேலேயே.
சூடேறட்டும் என்று காத்திருந்தேன்.
ஏறியது.
தடுமாறியது.

சனிக்கிழமை சாத்தேயில் மிஞ்சிய குச்சி ஒன்று.
அதன் மொட்டை முனையால்
வயர்க் கட்டை அங்குலம் அங்குலமாக அழுத்தினேன்.
இங்கே இல்லை.
இங்கே இல்லை.
பிராக்கெட்டுக்குப் பின்னால், கை புகாத மூலையில்
அழுத்தியதும்
நின்றது.
விட்டேன், வந்தது.
அழுத்தினேன், போனது.
ஏழெட்டு முறை செய்தேன்,
தேவைக்கு மேல்தான்.

அணைத்துவிட்டு, ஆறவிட்டு, உறையைக் கீறினேன்.
வெளியே ஒரு சிராய்ப்புக்கூட இல்லை.
உள்ளே செம்பு பச்சை பூத்து
ஒற்றை இழையில் தொங்கிக்கொண்டிருந்தது,
குளிரில் தொட்டும்
சூட்டில் விலகியும்.
என் பையிலேயே இருந்தது
லிஃப்ட் கதவுச் சென்சாருக்குப் போடும் மஞ்சள் வயர்.
விரல் நீளம்கூடத் தேவைப்படவில்லை.

மறுபடி சாவி. பத்து நிமிடம். பதினைந்து.
ஏர்கானையும் போட்டேன்.
வாசனை அட்டை அசையவில்லை.

ஷிஃப்ட் முடிந்து பக்கத்து லாட்டில் வண்டி விட்ட மெஹரூன்
இறங்கி நின்றாள்.
உங்க காரா இது?
மூணு வாரமா எங்க சமையல்கட்டு வரைக்கும் கேட்குமே.
காதைச் சாய்த்தாள்.
இப்ப ஒண்ணும் கேட்கலையே.
ஆமா என்றேன்.
பாக்கெட் சோறு கையில் ஆறிக்கொண்டிருக்க
அவளும், கரிக் கையோடு நானும்
கேட்காததைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றோம்.

ரேம்ப்பில் யாருடையதோ விளக்கு ஏறி வந்தது.
சட்டென்று அணைத்தேன்.