காலியாக விடக்கூடாத கட்டம்

மூன்றாம் முயற்சியில் சர்வர் எழுந்து நின்றது,
சித்திரை பிறந்து ஒன்பதாம் நாள்.
தருமபுரி ஆட்சியர் அலுவலகத்தின் பின்கட்டு.
பழைய ஜமாபந்திக் கட்டுகளுக்கு நடுவில்
எனக்கு ஒரு நாற்காலி, ஒரு பிளக்பாயின்ட்.
அதிலும் பாதி நேரம் டீக் கெட்டில்.

ஐந்து நாளுக்கு ஒருமுறை
செயற்கைக்கோள் எங்கள் தலைக்கு மேல் போகும்.
பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் சதுரமாய்
பச்சை எவ்வளவு என்று மட்டும் சொல்லும்.
பென்னாகரம் பக்கத்தில் ஒரு பெரிய அடர்பச்சை.
துள்ளிவிட்டேன்.
உமாராணி போனில் சிரித்தாள்:
"அது ஏரிங்க. உள்ள பூரா சீமைக்கருவேலம்."
அன்று சாயங்காலமே
எல்லா ஏரிகளையும் வரைபடத்திலிருந்து கத்தரித்தேன்.

உமாராணிக்கு இருபத்தாறு கிராமம்,
ஸ்டார்ட் ஆக மறுக்கும் ஸ்கூட்டி.
அறுவடைக் காட்டில் ஐந்துக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி
அறுத்து, அடித்து, தூற்றி, எடைபோட்டு
என் படிவத்தில் ஏற்றுவாள்.
மகசூல் கட்டத்துக்குப் பக்கத்தில்
சிவப்பு நட்சத்திரம்: கட்டாயம்.

தையில் முதல் அறிக்கை வந்தது.
மழை, நாற்பத்தொரு சதவீதம் குறைவு.
கேழ்வரகு, ஏக்கருக்கு நூற்றுப் பன்னிரண்டு கிலோ அதிகம்.

மூன்று இரவு பிழை தேடினேன்.
கூட்டல் சரி.
வகுத்தலும் சரி.

"கிணத்துல தண்ணி இருக்கறவங்க வெதச்சாங்க,"
என்றாள் உமாராணி.
"மத்தவங்க பஸ் ஏறிட்டாங்க.
அவங்களுக்கு நான் என்னத்த போட?
காலியா விட்டா உங்க கட்டம் விடமாட்டேங்குது.
சைபர் போட்டா, சரியான எண் தருகங்குது.
அதான், பேரையே விட்டுட்டேன்."

பூஜ்யத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்.
அந்த வரியை எழுதியது நான்தான்.
கை தவறி யாரும் சைபர் போட்டுவிடக் கூடாதே என்று,
ஒரு மத்தியானம், சாப்பாட்டுக்கு முன்னால்.

அதை அழிக்க ஒரு நொடி ஆயிற்று.
அதற்குப் பதில் என்ன என்பதற்கு ஒரு வாரம்.
விதைத்து, முளைத்து, கதிர் வரும் முன் கருகினால்
அது பூஜ்யம்.
கலப்பையே இறங்காத காடு பூஜ்யமும் இல்லை.
புதிதாக ஒரு பத்தி திறந்தேன்: விதைக்கவில்லை.
பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றும் போய்விட்டதால்
மிச்சமிருந்த சாம்பல் நிறத்தைக் கொடுத்தேன்.

ஆயிரத்து நூற்று நாற்பது சர்வே எண்கள்
ஒரே இரவில் சாம்பலாயின.
"பூச்சி அரிச்ச வேட்டி மாதிரி இருக்கே,
மீட்டிங்குக்கு முன்னாடி சரி பண்ணிடுங்க" என்று மேலிருந்து செய்தி.
சரியாகத்தான் இருக்கிறது சார் என்று அடித்தேன்,
அழித்தேன்,
திரும்ப அடித்து அனுப்பினேன்.

அப்படியானால் ஒவ்வொருவரையும் கேட்டுச் சரிபார் என்றார்கள்.

114/2பி, பச்சியப்பன்.
மூன்றாம் முறை எடுத்தார்.
பின்னால் லிஃப்ட் கிறீச்சிடும் சத்தம், கன்னடத்தில் யாரோ வசவு.
ஓசூர் தாண்டி, பதினோராவது மாடி, சென்ட்ரிங் வேலை.
"ஆமாங்க, ராகிக் காடுதான். இந்த வருசம் போடல."
காரணம்? நான்கு வாசித்துக் காட்டினேன்,
மழையின்மை, கடன், ஆளின்மை, மற்றவை.
"அதுல எது மொதல்ல வருதோ அதப் போட்டுக்கங்க."

வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.
"மழ பாக்கற ஆபீசுதான நீங்க?
ஒகேனக்கல் பக்கம் கட்டிக்கிட்டு வருதுன்னு மச்சான் சொன்னான்.
எங்க ஊர்ல பெய்யுதா?"

ஜன்னலைப் பார்த்தேன். இங்கே வெயில்.
திரையைப் பார்த்தேன். நேற்றைய தேதி.
மழைமானி கணக்கு காலை எட்டரைக்குத்தான் வரும்.
"நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.
"நான் மேல ஏறிடுவேன். நீங்களே கூப்புடுங்க."

எட்டரைக்கு வந்தது.
0.4 மி.மீ.

பூஜ்யத்தைவிடப் பெரிது.
கட்டம் ஏற்றுக்கொண்டது.
போனைக் கையில் வைத்துக்கொண்டு
கெட்டில் பிளக்கைப் பிடுங்கினேன்.