எழுநூறு கிராம்

மூக்கு குட்டை, ரெண்டு அங்குலம் சொச்சம்.
ஆறு குண்டு. தோல்பைக்குள் போட்டால்
மூக்குக்கண்ணாடிக் கூடென்றுதான் நினைப்பார்கள் மேடம்,
என்கிறார் கடைக்காரர்
பச்சைத் துணியை நீவிவிட்டபடி.

கையில் வாங்குகிறேன்.
முப்பது வருஷம் மீனும் ஐஸும் தூக்கிய கை.
எழுநூறு கிராம், என்கிறேன்.
அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு
என்னை நிமிர்ந்து பார்க்கிறார்.
நடுவாந்திர வவ்வால் ஒன்றின் எடை.
வவ்வால் வழுக்கும்.
இது கைக்குள் உட்கார்ந்துகொள்கிறது,
கூப்பிட்டதுபோல.

முப்பத்தெட்டு இருக்கிறதா என்று கேட்டேன்.
அது போலீசுக்கு.
எனக்கென்று சட்டம் விட்டுவைத்தவை
இருபத்திரண்டும் முப்பத்திரண்டும்.
சின்னதில் அடி வாங்கியவன்
எழுந்து வந்தாலும் வருவான்.
பெரியது அப்படியில்லை, ஊடுருவும் மேடம்,
என்றார்,
செவுளைத் தூக்கிச் சிவப்புக் காட்டுகிறவர்களின் பெருமையோடு.

அந்தச் சொல்லைத்தான் அன்றைக்கு வாங்கிக்கொண்டு வந்தேன்.

விடியற்காலம் மூன்றரை.
ஏலம் முடிந்து, ஐஸ் கம்பெனிக் கணக்கு முடிந்து,
ஜீவரத்தினம் நகர்ச் சந்தில் நடக்கிறேன்.
கையை விரித்தால் இருபக்கமும் தொடலாம்.
இடப்பக்கம் தகரம்.
தகரத்துக்குப் பின்னால் வேணியின் மாவு அரைக்கும் கிரைண்டர்,
கிரைண்டரை ஒட்டித் தூளி,
தூளியில் போன மாசம் பிறந்தது.
வலப்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ்.
அதற்குப் பின்னால் இருமல்.
யாருடைய இருமல் என்றும் தெரியும்.
நேரே சுடலாமென்றால்
நேரே தண்ணீர் லாரிக்கு வரிசை போட்ட குடங்கள்,
குடத்துக்குக் காவலாய்
குந்தித் தூங்கும் பெண்கள்.

சின்னது தகரத்தில் நிற்குமா என்று
போனில் கேட்டேன்.
சிரித்தார்.
தகரத்துக்கு எல்லா எண்ணும் ஒன்றுதான் மேடம்.

விண்ணப்பத்தில் ‘காரணம்’ என்ற கட்டத்தில்
‘ஏல நாட்களில் ரொக்கம்’ என்று எழுதியிருந்தேன்.
தடைக்காலம் முடிந்து படகு திரும்பிய முதல் ஞாயிறு
பையைப் பிடுங்கியவனைப் பற்றி
ஸ்டேஷனில் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன்.
ஹெல்மெட். நீலச் சட்டை. ஒல்லி.
காலைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை.
செருப்பில்லாத வலது கால்,
பெருவிரலில் நகம் இல்லை.
ஐஸ் பார் விழுந்த கால் அது.
என் கம்பெனி வழியாகப் போன கால்களில்
பாதி அப்படித்தான்.

கடைசியில் முப்பத்திரண்டு.
சுவரோ ஆளோ காரணமில்லை, விரல்தான்.
பயிற்சிக்குப் போன இடத்தில்
சின்னதின் விசை இன்னும் கடினமாக இருந்தது.
ஐஸில் மரத்துப்போன சுட்டுவிரல்
பாதியிலேயே நின்றுவிட்டது.
பெரியது இழுத்தவுடன் வந்தது.
காகித மனிதனின் தோளில் ஒரு பொத்தல்.
அவனுக்குப் பின்னால் மணல்மூட்டை.
அங்கே எல்லோருக்கும் பின்னால் மணல்மூட்டை.

இப்போது பையில்
சர்க்கரை மாத்திரை, கம்பெனிச் சாவி, பில் புக்,
அதற்கடியில் அது.
இடது தோள் கொஞ்சம் சாய்ந்துவிட்டதாகத்
தையல்காரி கமலவேணி சொன்னாள்.
ஜாக்கெட்டை அதற்கேற்ப வெட்டியிருக்கிறாள்,
எதற்கென்று கேட்கவில்லை.

நேற்று ஏலம் முடிந்து கிளம்பும்போது
கோதண்டன் ஓடிவந்தான்.
கிரஷர் மிஷினில் நிற்கிற பையன்,
எட்டு மாசமாக நிற்கிறான், ஒல்லி.
“இன்னாக்கா, ஒரு பக்கமா சாஞ்சி நடக்குற?
பை இவ்ளோ வெய்ட்டா கீது?
குடு, வூடு வரிக்கும் எத்தினு வரேன்.”

கையை நீட்டிக்கொண்டு நின்றான்.
உள்ளங்கை ஐஸில் வெளுத்துச் சுருங்கியிருந்தது.
நான் அவன் காலைப் பார்த்தேன்.

முழங்கால் வரைக்கும்
ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தான்.