ஒப்பீட்டுக் கூண்டு

பத்து எலிகள் நெருக்கடிக்கு,
பத்து எலிகள் சும்மா இருக்க.
ஆய்வுத்திட்டத்தில் அப்படித்தான் எழுதினோம்,
அறிவியல் நகரில், மின்விசிறிக்குக் கீழே.

நெருக்கடி என்பது
துளையிட்ட பிளாஸ்டிக் குழாய்.
திரும்ப இடமில்லை.
நாளுக்கு இரண்டு மணித்தியாலம், இருபத்தொரு நாள்.
அமலதாஸ் வாலில் பிடித்து உள்ளே விடுவார்,
ஒவ்வொன்றிடமும் "மன்னிச்சுக்கொள்" என்பார்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

பின்னேரம் இரண்டு போத்தல்:
ஒன்றில் வெறுந்தண்ணி, மற்றதில் சீனித்தண்ணி.
முதலில் எல்லாம் சீனிக்கே ஓடின.
பத்தாம் நாளிலிருந்து குழாய் எலிகளுக்கு
இரண்டும் ஒன்றுதான்.
நாக்கில் குறையில்லை.
மூளையின் அடியில், கடுகிலும் சிறிய இடத்தில்,
டோபமின் வற்றுகிறது.
இனிப்பு இனிப்பாகத்தான் இருக்கிறது,
அதற்காக எழுந்து நாலடி நடக்கத்தான்
தோன்றுவதில்லை.
இதை எழுதி முடித்தபோது
என் தேத்தண்ணி ஆடை படிந்து கிடந்தது.

பன்னிரண்டாம் நாள், பத்து முப்பத்திரண்டு.
இரணைமடுப் பக்கம்
மிதிவெடி அகற்றுகிறவர்கள்
கிண்டி எடுத்ததையெல்லாம் ஒன்றாய் அடுக்கி
வெடிக்கவைத்தார்கள்.
முதல்நாளே அறிவித்தல் தந்துதான்.
நான் அதில் கையெழுத்தும் வைத்திருந்தேன்.

கண்ணாடி அதிர்ந்து அடங்கியபோது
மேசைக்குக் கீழே இருந்தேன்.
எப்போது போனேன், தெரியாது.
அமலதாஸ் சுவரோடு குந்தி,
காதைப் பொத்தி, வாயைத் திறந்தபடி.
வாய் திறந்திருக்கவேணும் என்று
இருபத்தாறு வயதில் படித்தவர்,
ஐம்பது தொடும்வரை மறக்கவில்லை.

என் கண்மட்டத்தில் ஒப்பீட்டுக் கூண்டு.
சும்மா இருக்கவேண்டிய பத்தும்
மூலையில் ஒரே குவியல்.
அவை யன்னலைப் பார்க்கவில்லை.
எங்களைப் பார்த்தன.

கொழும்பிலிருந்து வட்சலா மிஸ் கேட்டார்,
"மற்றப் பத்தும் ஏன் சீனிக்குப் போகேல்லை?
அந்தத் தரவு பழுது.
சத்தமில்லாத இடமாய்ப் பார்த்துத் திரும்பத் தொடங்குங்கோ."
"ஓம் மிஸ்" என்றேன்.
எந்த இடம் என்று நான் கேட்கவில்லை.

"வேறு சம்பவங்கள்" என்ற நிரலில்
நேரத்தை எழுதினேன். சத்தம் என்று எழுதினேன்.
பாதிக்கப்பட்டவை: இருபத்திரண்டு.
அமலதாஸ் எட்டிப் பார்த்தார்,
எண்ணிப் பார்த்தார்,
திருத்தச் சொல்லவில்லை.

அன்றிரவு அவர்
எல்லாப் போத்தலிலும் சீனித்தண்ணி ஊற்றினார்.
விதிமுறைக்கு மாறு. கண்டும் எழுதாமல் விட்டேன்.
விடிய வந்து பார்க்க
ஒரு போத்தலில் மட்டும் அரைவிரல் இறங்கியிருந்தது.
எந்தக் கூண்டில் என்று குறிக்கமுதல்
எடுத்துக் கழுவிவிட்டார்.