அரைச் சுற்று

பஞ்சிகாவத்தையில் பதினொரு மணி.
வெயில் பம்பர்களில் ஏறி நிற்கிறது.
கதவுகள் மட்டும் தொங்கும் கடை,
பக்கக் கண்ணாடிகளில் என்னைப் பதினாறாக வெட்டிய கடை,
அதைத் தாண்டி இல்ஃபாஸ் நானாவின் லைட் கடை.

என்ன வாகனம்?
கெப். தொண்ணூற்றாறு. டீசல்.
ஆர் ஓடுறது?
நான்தான்.
அவர் இரண்டாம் தடவை கேட்கவில்லை.
அதற்காகவே ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தேன்.

நான் ஐஸ் ஏற்றுகிறவள்.
முகத்துவாரத்தில் இரவு ஒரு மணிக்கு
மரத்தூளும் சாக்கும் போட்டு அடுக்கினால்
சிலாபம் சேர்வதற்குள் நூற்றில் எட்டு தண்ணீர்.
மெதுவாகப் போனால் பன்னிரண்டு.
மெதுவாகத்தான் போகிறேன்:
பழைய லைட்,
ஆறிப்போன பிளேன்டீயை றோட்டில் ஊற்றியது போல.
போன மாதம் ஹெந்தளைக் கால்வாய் வளைவில்
விளக்கில்லாத ஒரு சைக்கிள்.
என் பம்பருக்கும் அதன் பின்சில்லுக்கும் நடுவில்
ஒரு முழம்.
அந்த ஒரு முழத்தை
இருபத்தாறு நாளாக அளந்துகொண்டிருக்கிறேன்.

நானா பெட்டிகளைப் பரப்பினார்.
எட்டாயிரம் கெல்வின். நீலம்.
பொடியன்மார் கேட்கிறது.
மழை வந்தா மழையை மட்டும் காட்டும்.
ஆறாயிரம், கல்யாண வீட்டு வெள்ளை.
நாலாயிரத்து முந்நூறு,
பாக்க ஒண்டுமில்ல, ஆனா றோட்டுத் தெரியும்.

ஐம்பத்தைந்து வாட்ஸ் எடுக்கட்டா?
வேணாம், உங்கட ரிஃப்ளெக்டர் பழசு, வெந்து போகும்.
முப்பத்தஞ்சு போதும்.
வயர் வெட்ட வேணுமா?
வெட்டவே வேணாம். சொக்கட்டுக்குள்ள சொக்கட்.
பல்ப் கண்ணாடியில மட்டும் விரல் படக்கூடாது.
அரை மணித்தியால வேலை.

எச்.ஐ.டி. என்ற மூன்று எழுத்தைவிட
அந்த அரை மணித்தியாலத்துக்குத்தான்
இரண்டு லோட் காசைக் கொடுத்தேன்.

மட்டக்குளியில், பின்னேரம், வாசலில்.
பாலஸ்ட் பூட்ட இடம் தேடினால்
முன்னே வைத்திருந்தவன் எதற்கோ துளைத்த துளை,
எனக்கென்றே விட்டுப்போனது போல.
எல்லாம் இலகு என்றது பெட்டி.
ஹெட்லைட்டின் பின்பக்க ரப்பர் மூடி
அந்தப் பெட்டியை வாசித்திருக்கவில்லை.
ஒன்றே முக்கால் மணித்தியாலம்,
நடுவிரல் மொழியில் தோல் இல்லை.

சுவிட்சைத் தட்டினேன்.
முதலில் ஊதா. ஒரு நடுக்கம்.
பிறகு எதிர்ச் சுவரில் வெள்ளை ஏற ஏற
கிழிந்த டியூஷன் நோட்டீசில்
சேரின் மீசை வரைக்கும் தெரிந்தது.

அன்றிரவு பாலம் தாண்டி
றோட்டு முழுக்க என்னுடையது.
சோடா மூடி, நாயின் கண்,
தார் வெடிப்பில் முளைத்த புல்.
எதிரே வந்தவர்கள் லைட்டை அடித்து அடித்துக் காட்டினார்கள்.
பொறாமை என்று நினைத்தேன்.
சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அதே வளைவு. சைக்கிள்.
இந்த முறை முகம் என் பக்கம்.
ஒரு கால் நிலத்தில்,
முழங்கை கண்களின் மேல்,
முன்சில்லு கால்வாய் விளிம்பில்.
டிம் அடித்தேன். கை இறங்கவில்லை.
எனக்கு றோட்டாக இருந்தது
அவருக்குச் சுவர்.

ஸ்டார் ஸ்க்ரூட்ரைவரோடு இறங்கி
பொனட்டைத் தூக்கினேன்.
மன்னிப்புக் கேட்க வேண்டிய சிங்களம்
அந்த நேரம் பார்த்து வாயில் வரவில்லை.
அவர் சைக்கிளைத் தள்ளிவந்து
பத்தடி தள்ளி நேரே நின்றார்,
அளவுகோல் மாதிரி.

அரைச் சுற்று.
தவ டிக்கக், என்றார்.
இன்னும் அரை.
வெளிச்சம் நெற்றியை விட்டது, சட்டைப் பொத்தான்களை விட்டது.
தவ டிக்கக்.
பின்னால் டெயில்போர்டிலிருந்து
ஐஸ் ஒவ்வொரு சொட்டாகத் தாரில் விழுந்தது.
நூற்றில் ஒன்பது. பத்து.
சாரத்தின் முடிச்சில் வந்து நின்றதும்
கையை இறக்கினார்.

இடது பக்க லைட் இன்னும் மிச்சம்.
அவர் போகவில்லை,
அதற்கும் நின்றார்.