கை நீளத் தூரம்

எண்ணெய் பூசினதுபோல் கிடந்தது சித்திரைக் கடல்.
அஸ்வர் எஞ்சினை நிறுத்தினான்.
ஓடும்வரை ஒழுங்காய் இருந்த ஃபோன் அம்பு
நின்றதும் தடுமாறியது:
ஒருக்கால் கோணேசர்மலைப் பக்கம்,
ஒருக்கால் சீனன்குடாப் பக்கம்,
பிறகு யோசித்துவிட்டு வெறும் கடல்.
நிற்கும் இடம் அதற்குத் தெரியும்.
நின்றபடி எங்கே பார்க்கிறோம் என்பது தெரியாது.

அதற்குத்தான் திசைகாட்டி.
திமிங்கிலம் ஊதினால் அந்தப் பக்கம் நீட்டிப்
பாகை வாசிக்க வேண்டும்.
தூரத்தை அஸ்வர் கண்ணால் அளப்பான்.
இடத்தை ஃபோன் சொல்லும்.
மூன்றையும் கொப்பியில் எழுதுவது என் வேலை,
நாளுக்கு மூவாயிரம், சாப்பாடு தனி.

இடக்கையில் ஃபோன், வலக்கையில் திசைகாட்டி,
இரண்டையும் நெஞ்சோடு சேர்த்து
ஆராத்தித் தட்டு ஏந்தினவள் மாதிரி
விடிய ஆறிலிருந்து பத்துவரை
பதினொரு ஊதல் எழுதினேன்.

இரவு, உப்புவெளி அறையில்
மின்விசிறி காகிதத்தைத் தூக்கத் தூக்கக்
கோடு கீறிப் பார்த்தால்
நாலாவது திமிங்கிலம் ஃபவுல் முனையில் கரையேறியிருந்தது.
ஏழாவது, வெளிச்சவீட்டையும் தாண்டிப்
பற்றைக் காட்டுக்குள்.
அஸ்வருக்குப் படம் அனுப்பினேன்.
"ஆடு மேய்க்கப் போயிருக்கும்" என்றான்.

திசைகாட்டியை மேசையில் வைத்து
ஃபோனை மெல்லத் தள்ளினேன் அருகே.
முள் ஒருதரம் நடுங்கியது.
வடக்கை விட்டுவிட்டு
உறையின் காந்தப் பொத்தானை
மோந்துகொண்டு போனது.
ஃபோனை எடுத்தேன்.
மனமில்லாமல் திரும்பிற்று.

எத்தனை பாகை பிசகு, கழித்துவிடலாமா?
முடியாது.
ஒவ்வொரு தரமும் கைகள்
ஒவ்வொரு மாதிரி நெருங்கியிருந்தன.
பக்கத்துக்குக் குறுக்கே எழுதினேன்:
நம்பக்கூடாது.
கீழே கையெழுத்து, திகதி.

மறுநாள் ஃபோன் பின்னுக்கு, எஞ்சினடியில், அஸ்வரிடம்.
நான் அணியத்தில்.
மீன்வெட்டும் கத்தியைக்கூட
அவன் பக்கம் தள்ளிவிட்டேன்.
எட்டுத் தசம ஐந்து என்று அவன் கத்த
அறுபத்திரண்டு என்று நான் கத்த
நடுவில் பதினெட்டு அடிப் படகும் காற்றும்.
"என்ன? திருப்பிச் சொல்லுங்க!"
திருப்பிச் சொன்னேன்.

பிறகு இரண்டு பேரும் பேசாதிருந்த ஒரு நேரம்
அடியால் நீளமாய் ஒன்று போனது,
நீலத்துக்குள் வெளிறிய நீலமாய்,
முடியவே முடியாததுபோல்.
அஸ்வர் எண் வாசிக்க மறந்தான்.
முள் தன் பாட்டில் வடக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இடத்தைப் பிந்தித்தான் எழுதினோம்.
தூரம்: சைபர்.
பாகைக்கு விட்ட கட்டத்தில்
ஒரு துளி உப்புத்தண்ணி காய்ந்த வட்டம்.